திரை கறுத்த மூன்று நாள்

கூட்டாளிமாரே, இருபத்திரண்டு வயதில் ஒருத்தன் பழங்கதை சொல்ல உட்கார்ந்தால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். "என்னாடா கெழவா, பல்லு செட்டு எங்க?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நம் செட்டில் ஒருத்தனுக்கு முன்மண்டையில் முடியில்லை. இன்னொருத்தன் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கித் தண்ணீர் கேட்கிறான். ஓ.எல். சோதனையை மூன்று தரம் எழுதியே எனக்குப் பாதி வயது போய்விட்டது. ஆகவே எல்லோரும் கிழவர்கள்தான், எல்லோரும் சமமாகக் கேட்கலாம்.

இந்தக் கதையில் சிரிக்க இடம் இருக்கிறது. எங்கே போனாலும் எவரையாவது நக்கலடித்துக்கொண்டே இருப்பவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இது நான் என் அக்காவுக்குச் செய்த காரியம். எட்டு வருடமாக, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினாலு வயது. பல்லேபொல பக்கத்தில் மிளகும் கொக்கோவும் போட்ட தோட்டத்தில், லயத்து வரிசையில் எங்கள் வீடு. இரண்டு அறை, முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, பின்னால் குசினி. அப்பா தோட்டத்து லொறியில் போவார், இரண்டு நாள் மூன்று நாள் வரமாட்டார். அம்மாவுக்கு ஸ்டோரில் கராம்பும் சாதிக்காயும் நல்லது கெட்டது பார்த்துத் தெரிகிற வேலை. அம்மா வீட்டுக்குள் வந்தால் முதலில் கராம்பு வாசம் வரும், பிறகுதான் அம்மா வருவார். தலை சீவிவிட்டாலும் அந்த வாசம், கன்னத்தில் அறைந்தாலும் அதே வாசம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம்.

அக்காவுக்குப் பத்தொன்பது. மாத்தளை டவுனில் ஆறு மாதம் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனாள். அதைப் பார்த்துக் கொழும்பில் ஒரு கம்பெனிக் கந்தோரில் வேலை செய்த மாமா, அங்கே கழித்துப் போட்ட கம்பியூட்டர் ஒன்றைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். பழைய பெட்டிதான். போட்டால் அம்மியில் தேங்காய் அரைப்பது மாதிரி சத்தம். ஆனால் எங்கள் லயத்தில் அதுதான் முதல் கம்பியூட்டர். முதல் ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, டீவி பார்ப்பது மாதிரி அக்கா டைப் அடிப்பதைப் பார்த்தார்கள்.

அக்கா அதில் வரையப் பழகினாள். மவுஸைப் பிடித்துத்தான் வரைவாள். வரைகிறபோது நாக்கு நுனி வெளியே வந்து நிற்கும். "அக்கா, பல்லி மாதிரி இருக்க" என்று நான் சொன்னால் அந்த நாக்கை இன்னும் நீட்டிக் காட்டுவாள். அவள் வரைந்தது எல்லாம் துணியில் போடுகிற டிசைன். மிளகுக் கொடி, கொக்கோக் காய், பிளந்த சாதிக்காய்க்குள் சிவப்பு வலை மாதிரி இருக்குமே சாதிபத்திரி, அது. ஒன்றை வரைந்து, அதையே அடுத்தடுத்து வைத்துத் திரை முழுக்க நிரப்புவாள். நிரப்பிய பிறகு எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கண்டியில் துணி டிசைன் படிப்பிக்கிற ஓர் இடத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு. பன்னிரண்டு டிசைன், கம்பியூட்டரில் வரைந்து அச்செடுத்துக் கொண்டு வரவேண்டும். அக்கா பத்து முடித்திருந்தாள். இன்னும் இரண்டு. பன்னிரண்டையும் முடித்துத் திங்கட்கிழமை டவுனில் ஒரே தடவையாக அச்செடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூசை.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தக் காலம் நாம் எல்லோரும் கார் ஓட்டுகிற அந்த விளையாட்டில் பைத்தியமாக இருந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கம்பியூட்டரில் அதைப் போட்டால் கார் மாட்டுவண்டி மாதிரி போகும். படத்தை வேகமாகக் காட்டுவதற்குத் தனியாக ஒரு கார்ட் வேண்டும் என்று சொன்னார்கள். அலுவிகாரையில் இருந்து வகுப்புக்கு வந்த நம் கூட்டாளியிடம் அப்படி ஒன்று இருந்தது.

"எங்கட நானாட பழைய கார்ட் மச்சான். அவரு புதுசு வாங்கிட்டாரு. நல்லா வேல செய்யுது" என்றான்.

"என்னா வேணும் ஒனக்கு?"

"ஒன் பெட்ட தா."

என் கிரிக்கெட் பெட்டைக் கொடுத்தேன். அவன் கார்டையும் ஒரு பென் ட்ரைவையும் தந்தான். கார்டைக் கம்பியூட்டருக்குப் புரியவைக்க டிரைவர் என்று ஒரு புரோகிராம் ஏற்ற வேண்டுமாம், அது பென் ட்ரைவில் இருந்தது. எப்படிப் பொருத்துவது என்று கேட்டேன். "உள்ளுக்க நீட்டா ஒரு பள்ளம் இருக்கும். அதுல குத்து. பொறகு டிரைவர ஏத்து. அவ்வளவுதான்" என்றான். அவன் நானா, அண்ணன்காரன், செய்ததை வாசலில் நின்று பார்த்தவன் அவன். அவனிடம் படித்தவன் நான். எவ்வளவு படிப்பு என்று பாருங்கள்.

கார்டைத் துணியில் சுற்றிக் காற்சட்டைப் பையில் இரண்டு நாள் வைத்திருந்தேன். அக்கா கம்பியூட்டரை விட்டு எழுந்தால்தானே.

சனிக்கிழமை காலையில் அம்மா அறையைக் கழுவிக் கோலம் போட்டு, புத்தகம், கத்தி, மண்வெட்டி, அப்பாவின் லொறிச் சாவி எல்லாவற்றையும் அடுக்கினார். நடுவில் கம்பியூட்டர். அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. திரையின் சுவிட்ச் மேலேயும் ஒரு சந்தனப் பொட்டு.

அன்று விடியற்காலையிலேயே அக்காவுக்கு மாதத் தூரம். இஸ்தோப்பு மூலையில் பாயும் தட்டும் தனியாகப் போட்டு அங்கே உட்கார வைத்தாயிற்று. அங்கிருந்தே கத்தினாள்.

"அம்மா, கம்பியூட்டர மட்டும் விட்டுருங்கம்மா. இன்னும் ரெண்டு இருக்கு."

"வாய மூடு புள்ள. ஒனக்கு அதுதானே படிப்பு. அதத்தான் மொதல்ல வைக்கணும். செவ்வாக்கெழம நீ நல்லபடியா போய்ட்டு வரணும்னுதான் நான் இவ்வளவும் செய்யிறேன்."

"நேரம் பத்தாதும்மா."

"நாளைக்கு காலையில தசமி பூச முடிஞ்ச ஒடன இஸ்தோப்புக்கே தூக்கியாந்து வைக்கிறேன். அங்கயே குந்தி வரை. அதுவரைக்கும் தொடக் கூடாது. அதுவும் நீ இருக்கிற இருப்புக்கு."

அம்மாவை இப்போது நினைத்தால், அந்தப் பூசையில் அவர் மண்வெட்டிக்காகவா கும்பிட்டார்? ஒரு கம்பியூட்டரை வைத்துக்கொண்டு மகளுக்காகக் கும்பிட்டார்.

பின்னேரம் எல்லோரும் தோட்டத்துக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டேன். நடிப்பில் எனக்கு ஒருபோதும் ஃபெயில் இல்லை. அம்மா ஓமத் தண்ணீர் தந்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அக்கா துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனாள்.

நான் எழுந்தேன். பூவைக் கழற்றினேன். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே கொழும்புத் தூசி ஒரு விரல் உயரத்துக்கு. பள்ளம் இருந்தது. குத்தினேன். மூடினேன். போட்டேன். படம் எப்போதும் போல வந்தது. டிரைவரை ஏற்றினேன். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நீண்டு போனது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, கோயிலில் மேளம் கேட்டது, நான் மனதுக்குள் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோடு முடிந்து, நிறுத்தித் திரும்பப் போடவேண்டும் என்று கேட்டது. சரி என்று அமத்தினேன்.

அணைந்தது. திரும்ப உறுமிக்கொண்டு எழுந்தது. திரை மட்டும் எழவில்லை. கறுப்பு. சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி மிதந்தது, அதுவும் அணைந்தது.

சுவிட்சை அமத்தினேன். தட்டினேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். கறுப்பு. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி, திருநீறு பூசின என் முகம் மட்டும் உள்ளே தெரிந்தது. பீலிப் பக்கம் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் நிறுத்திப் பூவைப் போட்டு, கலைந்த சந்தனப் பொட்டை விரலால் ஒட்டவைத்துவிட்டுப் பாயில் விழுந்தேன். இந்தத் தடவை வயிறு உண்மையாகவே வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கற்பூரம் காட்டிவிட்டு, நல்ல வேளை பார்த்து, வலது கையால் பெட்டியின் சுவிட்சை அமத்தினார். பெட்டி உறுமியது. திரை கறுப்பு. அம்மா இன்னொரு தரம் அமத்தினார். பிறகு குனிந்து திரையில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். என் விரல் ரேகை அதில் முத்திரை குத்தின மாதிரி பதிந்திருந்தது.

"சந்தனம் கலஞ்சி கெடக்கு. யாரு தொட்டது?"

அம்மா இஸ்தோப்புக்குத் திரும்பினார்.

"ஏன்டி, நேத்து தொட்டியா?"

"இல்லம்மா. நான் வாசல் படி கூட தாண்டல்ல."

"ஒன்னத் தவிர வீட்டுல யாரு இருந்தது?"

"தம்பி இருந்தான்."

"அவன் வயித்து வலியில சுருண்டு கெடந்தான். பொய் பேசாத. நேத்து காலையில இருந்து ஒனக்கு கண்ணு அதுமேலதான். ரெண்டு டிசைன் ரெண்டு டிசைன்னு. தீட்டோட போய் சாமிக்கு வச்சத தொட்டிருக்க."

"தொடலம்மா. சத்தியமா தொடல."

அக்கா என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு இல்லை, சாட்சிக்காகப் பார்த்தாள். 'நீ இருந்தியே, சொல்லேன்டா' என்கிற மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? வயிற்றைப் பிடித்தேன்.

அம்மா திட்டவில்லை. அழுதார். திட்டியிருந்தால் அக்காவும் திருப்பிக் கத்தியிருப்பாள். அழுகிற அம்மாவிடம் என்ன கத்துவது? திரைக்கு மேல் மஞ்சள் துணி போட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, அக்கா தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் தலைக்கு ஊற்றுவது. நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை.

அன்று பகல் அம்மா தண்ணீர் எடுக்கப் போனபோது அக்கா இஸ்தோப்பில் இருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"டேய் தம்பி. இங்க வா. எனக்கு ஒரு ஒதவி செய்டா."

"என்னாக்கா?"

"நான் தொடக் கூடாது. நீ தொடலாம்தானே. நான் சொல்லுறத அப்பிடியே செய்."

அவள் வாசல்படிக்கு அந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் உள்ளே. அவளுக்கு மூளை மட்டும், எனக்குக் கண்ணும் கையும். அப்படித்தான் அந்த வைத்தியம் நடந்தது.

"போடு. பேன் சுத்துற சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"ஸ்கிரீன்ல லைட் என்னா நெறம்?"

"செம்மஞ்சள். மின்னி மின்னி நிக்கிது."

"சரி. கொஞ்ச நேரம் பொறு. பாட்டு வருதா பாரு."

இரண்டு பேரும் பொறுத்தோம். கம்பியூட்டர் திறந்ததும் வருகிற அந்தச் சின்னப் பாட்டு, ஸ்பீக்கரில் வழக்கம் போல வந்தது. அக்கா படியில் கையால் அடித்தாள். முகம் விரிந்துவிட்டது.

"உசுரோடதான்டா இருக்கு! கீபோர்ட்ல நம்பர் பக்கம் மேல இருக்கிற கட்டைய அமத்து. லைட் பத்துதா?"

"பத்துது. திரும்ப அமத்தினா அணையுது."

"பாத்தியா? உள்ளுக்க எல்லாம் வேல செய்யுது. படமெல்லாம் அப்பிடியே இருக்கு. வெளிய காட்ட மாட்டேங்குது, அவ்வளவுதான். ஏதோ வயர்லதான் கோளாறு. பின்னுக்கு திருப்பு. அந்த நீல மூக்கு வயர் ஒழுங்கா இறுகியிருக்கா?"

திருப்பினேன். ஒரு திருகு கூடத் தளரவில்லை.

"இறுகியிருக்கு."

"அது சொருகியிருக்கிற எடம் இருக்குதானே, நீல எடம். அதே மாதிரி இன்னொரு எடம் பின்னுக்கு எங்கயாவது இருக்கா? வகுப்புல ஒரு கம்பியூட்டர்ல ரெண்டு எடம் இருந்திச்சி. ஒன்னுல சொருகினா படம் வராது, மத்ததுல வரும். நல்லா பாரு."

கூட்டாளிமாரே, இருந்தது. நான்கு விரல் கீழே, நான் முந்தின நாள் குத்தின கார்டின் முனையில், அதே நீலம், அதே பதினைந்து ஓட்டை. தூசியே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. கார்டும் டிரைவரும் சேர்ந்து படத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டன, வயர் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான் கோளாறு. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு போன் கடையில் வேலை பழகியபோதுதான் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இருக்கு என்று சொன்னால் அது எப்படி வந்தது என்று கேட்பாள்.

"இருக்காடா?"

"இல்லக்கா."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்துட்டேன். ஒன்னும் இல்ல."

அவள் நெற்றியை முழங்காலில் வைத்தாள். அம்மாவின் குடம் படியில் இடிக்கிற சத்தம் கேட்டது. நான் கம்பியூட்டரை அணைத்து மஞ்சள் துணியைப் போட்டேன்.

திங்கட்கிழமை அப்பா வந்தார். அக்கா அவரிடம் கேட்டாள். "அப்பா, ஆட்டோ ஒன்னுல டவுனுக்கு கொண்டு போய் காட்டுங்கப்பா. நான் தொடல்ல, நீங்களே தூக்கி வைங்க."

அப்பா அரைமனதாக எழுந்தார். கடைக்குப் போனால் முதல் வேலையாகத் தகட்டைத் திறப்பான். திறந்தால் கார்ட் தெரியும். கோயிலில் சுண்டல் கொடுக்கிற நேரம் மட்டும் சாமி கும்பிடுகிற நான், அன்று வாயைத் திறந்தேன்.

"சாமி குத்தத்துக்கு கடைக்காரன் என்னாப்பா செய்வான்? அம்மா சொல்லுறதுதான் சரி. தொறந்தா இன்னும் மோசமாயிரும்."

அம்மா என் தலையைத் தடவினார். "பாருங்க, இந்த வாலுக்கே பயம் வந்திருக்கு" என்றார். அப்பா திரும்ப உட்கார்ந்தார். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் வாசல்படி இருந்தது.

அன்று பகல் முழுவதும் அவள் இஸ்தோப்பில் குப்புறப் படுத்து, என் சித்திரக் கொப்பியில் மீதியிருந்த தாள்களைக் கிழித்து, கலர் பென்சிலால் பத்து டிசைனை ஞாபகத்தில் இருந்தும் மீதி இரண்டைப் புதிதாகவும் வரைந்தாள். சிவப்புப் பென்சில் நடுவிலேயே முடிந்து போனது. சாதிபத்திரியைச் செம்மஞ்சளில் தீட்டினாள். மழைச் சாரல் அடித்தால் தாளைத் தன் பாவாடைக்குள் இழுத்து வைத்துக்கொள்வாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பகிடி ஒன்று சொல்ல வாய் வந்தது. "அக்கா, நாக்க உள்ள இழு" என்று சொல்லப் பார்த்தேன். நாக்கு வெளியே வரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியவே தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு, தாள்களைச் சாரி பெட்டி ஒன்றில் வைத்துப் பஸ் ஏறினாள். கண்டியில் இடம் தேடவேண்டும், பிந்தக் கூடாது என்று அவ்வளவு சீக்கிரம் கிளம்பினாள். அப்பா லொறிக்குப் போனார், அம்மா ஸ்டோருக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவது மாதிரி போய்க் கொக்கோ மரத்துக்குப் பின்னால் நின்று திரும்பி வந்தேன். கார்டைக் கழற்றி ஒளித்துவிட வேண்டும், அதுதான் என் யோசனை. கழற்றினேன். சும்மா, ஒரு பழக்கத்துக்குத்தான், சுவிட்சைப் போட்டேன்.

படம் வந்தது.

என்னை அறியாமல் கத்திவிட்டேன். பிறகு அக்காவின் பத்து டிசைனையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மாதக்கணக்காகப் பக்கத்தில் இருந்தும் அன்றைக்குத்தான் அவற்றைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். மிளகுக் கொடி திரையின் ஓரத்தில் போய் மறைந்து மறு ஓரத்தில் திரும்பி வந்தது. ஒன்றில் சிறிது சிறிதாகக் கைகள் இருந்தன. சுளகில் கராம்பு தெரிகிற கைகள். அம்மாவுடைய கைதான், நடுவிரல் வளைவில் இருந்து தெரிந்தது. பென்சிலில் வரைந்த தாளில் அந்தக் கைகள் அவ்வளவு சரியாக வரவில்லை.

சுவரில் மணி ஒன்பதரை. அவளுக்கு இரண்டு மணிக்குத்தான். பென் ட்ரைவ் என் பையில்தான் இருந்தது. பத்தையும் அதில் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால், மாத்தளையில் அச்செடுத்து, கண்டி பஸ்ஸில் ஏறி, பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் அவள் முன்னால் நின்றிருக்கலாம். இது எனக்கு அப்போதே தோன்றியது. பிறகு யோசித்த புத்தி அல்ல. பென் ட்ரைவைக் கையில் எடுத்தேன். 'எப்பிடிடா வந்திச்சி?' என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. கம்பியூட்டரை நிறுத்தி, மஞ்சள் துணியைத் திரும்பப் போட்டேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கார்டை எடுத்துக்கொண்டு அலுவிகாரைக்குப் போய் அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் மைதானத்தில் இரண்டு ஓவர் விளையாடியும் விட்டேன்.

பின்னேரம் அக்கா வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கை வரைச்சல் நல்லா இருக்காம். ஆனா கம்பியூட்டர்ல செஞ்சி கொண்டாறதுதான் சட்டமாம். எல்லாருக்கும் ஒரே சட்டமாம். அடுத்த வருசம் வரட்டாம்."

அம்மா போய் மஞ்சள் துணியை எடுத்துவிட்டுச் சுவிட்சை அமத்தினார். திரை வெளிச்சமானது. அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"பாத்தியா? பாத்தியாடி? நீ தலைக்கு ஊத்தின ஒடன தாயி கண்ண தொறந்துட்டா. இனியாவது நம்புவியா?"

அக்கா அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு நாளாக அவள் தொடவில்லை தொடவில்லை என்று சொன்னது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் பொய்யாகிப் போனது. அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்த மாதிரி தன் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க நிறைய வேலை செய்திருக்கிறேன். பகிடி எல்லாம் அதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த நாள் தூசி தட்டுவதற்காக அவள் பெட்டியைத் திருப்பினாள். நான் வாசலில் நின்று பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கார்டை வைப்பதற்காகப் பின்பக்கத்துத் தகரப் பட்டை ஒன்றை நான் வளைத்து உடைத்திருந்தேன். கார்டைக் கழற்றிய பிறகு அங்கே நீளமாக ஒரு பிளவு. நான் அதை யோசிக்கவே இல்லை. அக்கா அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். உடைந்த தகரத்தின் விளிம்பு புதுசாக மின்னியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பந்தை இன்னும் பலமாகத் துடைத்தேன்.

"அந்த ஓட்டைய அட்ட வச்சி மூடிரு" என்றாள். "பல்லி போயிரும்."

அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லவில்லை. என்னை அடிக்கவில்லை. அடுத்த வருடம் அவள் கண்டிக்கு எழுதிப் போடவும் இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மாத்தளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வேறு யாரோ வரைந்த பூவை முழம் போட்டு வெட்டிக் கொடுக்கிறாள்.

அம்மாவுக்கு அது சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையாகிவிட்டது. கலியாண வீடு, செத்த வீடு, எங்கே பெண்கள் கூடினாலும் சொல்வார். எங்கள் லயத்தில் இப்போது தூரமான நாட்களில் பெண் பிள்ளைகள் போனைக்கூடத் தொடுவதில்லை. அது என் சட்டம். நான் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் தூரமென்று இஸ்தோப்பில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஓ.எல். எழுதப் போகிற பிள்ளை, எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். அவளுக்கு ஒன்லைனில் கணக்கு வகுப்பு, சோதனைக்கு முன் கடைசி வகுப்பு. லெப்டொப் உள்ளே மேசையில்.

"பெரியம்மா, பத்து நிமிசத்துல தொடங்கிரும்."

"மூணு நாளைக்கு அது பக்கமே போகாத. ஒங்க அக்கா தொட்டு என்னா ஆச்சின்னு தெரியுமா? கம்பியூட்டர் கண்ணே அவிஞ்சி போச்சி. படிப்பும் போச்சி."

அக்கா கடை லீவில் வீட்டில் இருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

நான் சொன்னேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "அம்மா, அது அக்கா இல்ல. நான்தான். பூச அன்னைக்கு நான்தான் தொறந்து கார்ட் போட்டேன். வயித்து வலி பொய்." எல்லாவற்றையும் சொன்னேன். நீல ஓட்டை, பெட், அலுவிகாரை, எல்லாம்.

அம்மா முதலில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எப்ப பாத்தாலும் இவனுக்கு பகிடிதான். இந்த சின்னவளுக்காக என்னா கத கட்டுறான் பாரு. அக்காவ வேற காப்பாத்துறானாம்."

"சத்தியமா அம்மா."

"ஒன் சத்தியம் எனக்குத் தெரியாதா? போன மாசமும் ஒரு கோழி விசயத்துல சத்தியம் பண்ணின."

சித்தி மகளும் சிரித்தாள். நான் சொல்கிற எதற்கும் சிரித்துப் பழகிய பிள்ளை. நான் அக்காவைப் பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன் அவள் என்னைப் பார்த்தாளே சாட்சிக்கு, அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அக்கா கீரையை வைத்துவிட்டு எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளே போய் லெப்டொப்பை எடுத்து வந்து, வாசல்படியைத் தாண்டி, சித்தி மகளின் மடியில் வைத்தாள்.

"நீ படி புள்ள" என்றாள். அம்மா பக்கம் திரும்பினாள். "கெட்டுப்போனா எம்மேல போடுங்கம்மா. எனக்குப் பழக்கம்தானே."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். சித்தி மகள் பயந்துகொண்டே சுவிட்சை அமத்தினாள். அக்கா திரும்ப உட்கார்ந்து கீரையை எடுத்தாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.